பல்லிழுக்கும் சிறு திருகாணி

வள்ளம் ஒன்றில் நின்றுகொண்டு பிறிதொரு வள்ளத்தைக் கயிற்றினால் இழுப்போமாயின், இழுக்கப்படும் வள்ளம் மாத்திரமன்றி நாம் நிற்கும் வள்ளமும் நகரும். ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்னும் நியூற்றனின் விதியைக் கற்ற மாணவர்க்கு இது புதிதன்று. பல்வரிசையைச் சீர்செய்யும் வைத்தியர்க்கு நாள்தோறும் இடர் விளைப்பதும் இவ்விதியே. பல்லானது எலும்போடு ஒன்றி வளர்ந்ததன்று. நுண்ணிய நார்களினால் எலும்புக் குழியினுள் தாங்கப்பட்டு நிற்பது. ஆதலினாலேயே அதனை நகர்த்த இயலுகின்றது. முன்பற்கள் துருத்தி நிற்கும் ஒருவருக்கு இருபுறமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப் பல்லைக் களைந்து, அவ்விடைவெளிக்குள் முன்பற்களைப் பின்னிழுக்க முயலுங்கால், பிடிமானமாய்க் கொள்ளப்பட்ட கடைவாய்ப் பற்கள் தாமே முன்னோக்கி நகர்ந்து அவ்விடைவெளியை நிரப்பிவிடுவதுண்டு. நல்ல பற்களை இழந்ததே மிச்சமாகும்.

வள்ளக்காரன் கரையில் முளை அறைந்து கயிற்றைக் கட்டுவது போலத் தாடையெலும்பிலே முளை அறைந்தால் என்ன என்று 1945ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் இருவர் எண்ணினர். கெயின்ஸ்போத், ஹிக்லி என்னும் அவ்விருவரும் நாய்களின் தாடையிற் பொருத்திய திருகாணிகள் யாவும் ஒரு திங்களளவில் தளர்ந்து வீழ்ந்தன. பின்னர்ச் சுவீடனிலே பிரேனமார்க் என்பார் தைத்தேனியம் என்னும் உலோகத்தோடு உயிரெலும்பு நேரே பொருந்தி நிற்பதைக் கண்டறிந்தார். 1983இல் கிறீக்மோர், எக்லண்ட் ஆகியோர் மூக்கின் அடியெலும்பிற் செலுத்திய ஒரு திருகாணியைப் பிடிமானமாகக் கொண்டு மேல் முன்பற்களை உயர்த்திக் காட்டினர். 1997இல் யப்பானியரான கனோமி 1.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு திருகாணியை அறிமுகஞ்செய்த பின்னரே இம்முறை பரவலாயிற்று.

எனினும், அறைந்த முளையெல்லாம் நிற்பதில்லை. ஏறத்தாழ 5,000 திருகாணிகளின் வரலாற்றைத் திரட்டி 2012இல் வெளிவந்த ஆய்வொன்று, நூற்றுக்கு 13 அல்லது 14 வீதம் காலத்துக்கு முன்னரே தளர்ந்தன என்று காட்டிற்று. எவை நிற்கின்றன, எவை வீழ்கின்றன என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

நீளமான திருகாணியே உறுதியாய் நிற்கும் என்று எவரும் முதலில் எண்ணுவர். 2003இல் யப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறாயிற்று. அதிலே, 1 மில்லிமீற்றர் விட்டமுடையவை யாவும் வீழ்ந்தன; 1.5, 2.3 மில்லிமீற்றர் விட்டமுடையவற்றுள் நூற்றுக்கு 84, 85 வீதம் நின்றன. நீளமோ குறிப்பிடத்தக்க வேறுபாட்டை விளைக்கவில்லை. காரணம் யாதெனின், தாடையெலும்பின் புறவோடு கெட்டியானது. அதன் உட்பகுதி கடற்பஞ்சு போன்றது. திருகாணியைப் பற்றி நிற்பது பெரும்பாலும் அப்புறவோடே. ஆடு கட்டும் முளையைக் களித்தரையில் ஒரு சாண் அறைவதும் மணலில் ஒரு முழம் அறைவதும் ஒன்றாகா என்பதை நம்மூர்ச் சிறுவரும் அறிவர். புறவோடு 1 மில்லிமீற்றரேனும் தடித்திருத்தல் வேண்டும் என்பர்.

அங்ஙனமாயின், புறவோடு தடித்த கீழ்த்தாடையிலன்றோ திருகாணி நன்கு நிற்றல் வேண்டும்? உண்மை அதுவன்று. மேற்கூறிய 2012ஆம் ஆண்டின் தொகுப்பிலே மேற்றாடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 வீழக் கீழ்த்தாடையில் 19 வீழ்ந்தன. இம்முரண்பாடே இப்பொருளின் உயிர்நிலை என்று நாம் கருதுகின்றோம். எலும்பு மரமன்று, உயிருள்ள இழையம். கெட்டியான எலும்பிலே திருகாணியை இறுக முறுக்குங்கால் நுண்ணிய வெடிப்புகளும் வெப்பமும் உண்டாகின்றன. 47 பாகை செல்சியசு வெப்பம் ஒரு நிமிடம் நிலைப்பினும் எலும்பு கேடுறும். நசுங்கியும் வெந்தும் இறந்த எலும்பை உடல் கரைத்துவிடும். அன்று இரும்பென நின்ற திருகாணி சில கிழமைகளில் ஆடத் தொடங்கும். எனவேதான் தடித்த எலும்பில் முன்னதாகச் சிறு துளையிடுவதும், துளையிடுகையில் உவர்நீர் பாய்ச்சிக் குளிர்விப்பதும் நல்ல வைத்தியரின் வழக்கம். 1.6 மில்லிமீற்றர்த் திருகாணிக்கு முறுக்கம் 5 முதல் 10 நியூற்றன் சென்ரிமீற்றர் வரை இருத்தல் தக்கது என 2006இல் யப்பானிய ஆய்வாளர் கூறினர். மிகத் தளர்வும் ஆகாது. மிகு இறுக்கமும் ஆகாது.

பல்வேரின் அண்மையும் பெருங் கேடு. வேரைத் தொட்டு நிற்கும் திருகாணிக்கு, மெல்லுந்தோறும் பல்லின் அசைவு சென்று தாக்கும். இரு வேர்களுக்கிடையே பலவிடத்தும் 3 மில்லிமீற்றரளவே உண்டாதலின், கதிர்ப்படம் பார்த்து இடந்தெரிதல் இன்றியமையாதது. இழுவிசையைப் பொறுத்தவரை, அது மென்மையாயிருப்பின் பல திங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, நோயாளியின் பங்கு. திருகாணியின் தலை முரசிலிருந்து வெளியே தோன்றுவது. எலும்போடு ஒட்டிய உறுதியான முரசில் அது அமையின் நன்று. கன்னத்தோடு சேர்ந்து அசையும் மென்சவ்வில் அமையின், சவ்வு உராய்ந்து வீங்கும். வீக்கமுற்றவை தளர்வது மிகுதி என்பதையும் அந்த 2003ஆம் ஆண்டின் ஆய்வே காட்டிற்று. மெல்லிய தூரிகையால் நாள்தோறும் அவ்விடத்தைத் துலக்காதவரும், நாவினாலும் விரலினாலும் அதனை ஓயாது துழாவுபவரும் வைத்தியரின் கைத்திறனை வீணாக்குகின்றனர். வளரிளம் பருவத்தார் இவ்விரண்டிலும் வல்லவர். ஆசிரியராயிருந்தோர் இதனை மறுக்கார்!

வேரிடையிலே இடம் வாயாதபோது மேலண்ணத்தின் முன்பகுதியை நாடுவர். அங்கே வேர்களின் இடர் குறைவு; சவ்வும் அசையாதது; ஆங்கு நிறுத்தியவற்றுட் பெரும்பாலானவை நிலைக்கின்றன.

நின்ற திருகாணியும் முற்றாக அசையாதிருப்பதன்று. இழுவிசையால் சில சிறிது சாய்வதை 2004இல் தைவான் ஆய்வாளர் அளந்து கண்டு, வேரிலிருந்து 2 மில்லிமீற்றர் விலக்கி வைக்குமாறு கூறினர். தளர்ந்துவிட்டதாயின் அதனைக் கழற்றி, அணித்தான வேறிடத்திற் புதியதைச் செலுத்தலாம். பணி முடிந்ததும் எதிர்ப்புறமாய்த் திருகினால் எளிதிற் கழன்றுவிடும். முரசின் துளை சின்னாளில் மூடிக்கொள்ளும்.