பழைய டிராக்டரில் விறகு பிளக்கும் மிஷின்: கடன் கேட்கும் முன் பார்க்க வேண்டியவை



"எங்க ஊர்ல ஒரு பழைய டிராக்டர் சும்மாதான் நிக்குது. விறகு பிளக்கிற ஹைட்ராலிக் மிஷினை மட்டும் வாங்கி மாட்டினா குழுவுக்கு வருமானம் வருமா?" கூட்டங்களில் இப்படிக் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன் நாம் சில விஷயங்களைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

இந்த யோசனை பெரும்பாலும் புயலுக்குப் பிறகுதான் வருகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் பக்கம் தெருத்தெருவாக மரங்கள் சாய்ந்தன. மின்ரம்பத்தால் துண்டு போட்டு வழி ஏற்படுத்திவிட்டார்கள். ஆனால் அந்தத் துண்டுகளைக் கோடாலியால் பிளப்பது லேசான வேலையா? 2011 தானே புயலில் கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும், 2018 கஜா புயலில் டெல்டா மாவட்டங்களின் மரங்களும் விழுந்தபோது நம் கிராமங்களிலும் இதே நிலைதான்.

முதலில் எந்த மரம் என்று பாருங்கள். சென்னைக்கு லாரியில் போகும் சவுக்கு பெரும்பாலும் மெலிந்த கட்டை. அதைப் பிளக்க மிஷினே தேவையில்லை. தென்னை நார் நாராக இருக்கும், ஒழுங்காகப் பிளக்காது. புளி, வேம்பு, சென்னைச் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி போன்ற பருத்த, இழை பின்னிய மரங்களுக்குத்தான் மிஷின் வேண்டும். அப்படிப்பட்ட மரம் உங்கள் பக்கம் வருஷம் முழுவதும் கிடைக்கிறதா? புயல் எப்போதோ வரும், தவணை மாதாமாதம் வரும். ரோட்டில் விழுந்த மரம் யாருக்கும் சொந்தமில்லை என்றும் நினைக்க வேண்டாம். சென்னையில் மாநகராட்சியிடமும், ஊரில் பஞ்சாயத்திடமும் கேட்காமல் தொடக் கூடாது.

இப்போது டிராக்டருக்கு வருவோம். டாஃபே நிறுவனம் 1960-ல் சென்னையில் தொடங்கி, மாஸி பெர்குசன் கூட்டுறவில் டிராக்டர் செய்தது. அதனால் நம் ஊர்களில் பழைய மாஸி நிறைய உண்டு. அதன் ஹைட்ராலிக் பம்ப் கலப்பையைத் தூக்கி இறக்குவதற்காக வைத்தது. அழுத்தம் நன்றாகக் கொடுக்கும், ஆனால் எண்ணெய் கொஞ்சமாகத்தான் தரும். இந்த வகைப் பழைய டிராக்டர்களில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

விற்பவர் "பதினெட்டு டன் அழுத்தம் அக்கா" என்பார். டன்னை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள், லிட்டரையும் கேளுங்கள். கணக்கு இதுதான். சிலிண்டரின் உள் விட்டம் 10 செ.மீ., தண்டின் தடிமன் 5 செ.மீ., ஓடும் நீளம் 60 செ.மீ. என்றால், முன்னால் தள்ள சுமார் 4.7 லிட்டரும் திரும்பி வர 3.5 லிட்டரும் எண்ணெய் வேண்டும். பம்ப் நிமிடத்துக்கு 16 லிட்டர் தந்தால் போய்வர அரை நிமிடம் ஆகும். சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தத்தில் இதன் பலம் சுமார் 12 டன். விட்டத்தை 12.5 செ.மீ. ஆக்கினால் பலம் 18 டன்னாக ஏறும், ஆனால் ஒரு தடவை போய்வர 50 விநாடி ஆகும். பலம் கூடக் கூட வேகம் குறையும். இரண்டையும் சேர்த்துத் தர பழைய பம்பால் முடியாது.

ஆகவே மிஷினைக் கொண்டுவந்து உங்கள் டிராக்டரிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். செல்போனில் விநாடி பாருங்கள். ஒரு மணி நேரம் வேலை செய்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். சூடான எண்ணெய் இளகிவிடும், தேய்ந்த பம்ப் அப்போதுதான் தன் குணத்தைக் காட்டும். டேங்கை நிரப்பிவிட்டு ஆரம்பித்து, முடிந்ததும் திரும்ப நிரப்பினால் எவ்வளவு டீசல் குடித்தது என்பதும் தெரிந்துவிடும்.

இந்த டிராக்டர்களில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். ஹோஸ் மாட்டும் முனையில் மரத்தூளோ மண்ணோ ஒட்டியிருந்தால் அது நேரே கியருக்குள் போகும். துடைத்துத்தான் மாட்ட வேண்டும். முதல் தடவை சிலிண்டர் நிரம்பியதும் டிராக்டரில் எண்ணெய் மட்டம் இறங்கும், பார்த்து ஊற்ற வேண்டும். எண்ணெய் திரும்பி வரத் தனி ஹோஸும் அமைக்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அடுத்தது ஆபத்து. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பழைய மாஸியில் ஹைட்ராலிக் பம்ப் பி.டி.ஓ. ஓட்டத்தோடு சேர்ந்தது. மிஷின் ஓடும்போது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டும் சுற்றும். கட்டை வைக்கிற பெண் நிற்பதும் பின்னால்தான். முழு வேகத்தில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. அதன் சுற்றளவு 11 செ.மீ. உங்கள் முந்தானை சிக்கினால் ஒரே விநாடியில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் சேலை சுருண்டுவிடும். கத்தக்கூட நேரமிருக்காது. தண்டின் மேல் மூடி திருகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சேலைக்கு மேல் சட்டை போட்டு, முந்தானையை உள்ளே செருகி, கூந்தலை முடிந்துகொண்டு வேலை செய்ய வேண்டும்.

நாம் எந்த வேலையையும் நாலு பேர் சேர்ந்து செய்து பழகியவர்கள். இங்கே மட்டும் அது கூடாது. ஒருவர் கட்டை வைக்க, இன்னொருவர் லீவரைத் தள்ளினால் விரல் போகும். கட்டை வைப்பவரேதான் லீவரையும் பிடிக்க வேண்டும். லீவரிலிருந்து கையை எடுத்ததும் சிலிண்டர் நின்றுவிட வேண்டும். நிற்காத மிஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மற்றவர்கள் தள்ளி நின்று பிளந்ததை அடுக்கட்டும்.

ஹோஸில் ஊசித்துளை விழுந்து எண்ணெய் பீறிட்டால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் சின்னப் புள்ளி போலத்தான் தெரியும், வலியும் அதிகமிருக்காது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டில் இருந்தால் கையையே இழக்க நேரிடும். உடனே 108-ஐ அழைத்து, "ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இடுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டடி விட்டமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை நூறு கிலோ இருக்கும். படுக்கை மாதிரி மிஷினில் அதைத் தூக்கி வைக்க வேண்டும். செங்குத்தாக நிற்கும் மிஷின் என்றால் உருட்டிவிட்டாலே போதும். பெண்கள் செய்யும் வேலைக்கு நாங்கள் செங்குத்து மாதிரியைத்தான் சொல்வோம்.

விவசாயத்துக்கென்று பதிவான டிராக்டரை வாடகை வேலைக்குச் சென்னைக்குள் ஓட்டிப் போவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேளுங்கள். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டால் குழு தாங்காது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிமிடத்துக்கு 16 லிட்டர், 150 கிலோ அழுத்தம் என்றால் அந்த வேலைக்கு உண்மையில் தேவைப்படுவது 5, 6 எச்.பி. சக்திதான். அதற்காக 35 எச்.பி. இன்ஜினை நாள் முழுக்க ஓட்டி டீசல் ஊற்றுகிறோம். மரம் கிடக்கும் இடத்துக்கே மிஷின் போக வேண்டுமென்றால் டிராக்டர் சரி. மரம் உங்கள் இடத்துக்கு வருமென்றால் 7.5 எச்.பி. மின்மோட்டார் வைத்த மிஷின் அதே வேலையைச் செய்துவிடும், சுற்றுகிற பி.டி.ஓ. தண்டும் அதில் இல்லை. ஆனால் விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரத்தில் இதை ஓட்டக் கூடாது, தனி இணைப்பு வாங்க வேண்டும். அதற்கு எவ்வளவு ஆகும் என்று ஊக்குநரும் பிரதிநிதியும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு வந்து, அடுத்த கூட்டத்தில் டீசல் கணக்கோடு சேர்த்து வையுங்கள். கடன் தீர்மானத்தை அதற்குப் பிறகு எழுதலாம்.