மான் இறைச்சியும் நம் அடுப்பங்கரையும்

மான் இறைச்சி ஹலாலா என்று கேட்டால், ஹலால்தான் என்று மார்க்கம் விடை கூறுகிறது. கோரைப்பல்லால் வேட்டையாடித் தின்னும் விலங்குகளையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மானோ புல்லும் தழையும் மேய்வது. ஆயினும், பிராணி ஹலால் என்பதனால் மட்டும் சட்டியில் கொதிக்கும் கறி ஹலாலாகி விடாது. இதனை நாம் மறந்து விடுகிறோம்.

இங்கிலாந்தில் வாழும் நம் குடும்பங்களை எடுத்துக் கொள்வோம். பிரிட்டனில் ஆறு வகை மான்கள் காட்டில் திரிகின்றன. அவற்றின் இறைச்சி கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி: இம்மான் எப்படி இறந்தது?

காட்டு மானை அங்கே துப்பாக்கியால் சுடுகிறார்கள். அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைக் கோலைப் பற்றி வினவியபோது, அதன் கூர்மை துளைத்ததை உண்ணலாம், அகலப்பக்கம் மோதிச் செத்ததை உண்ணலாகாது என்று பெருமானார் (ஸல்) விளக்கினார்கள். தோட்டா துளைக்கிறதா, மோதிக் கொல்கிறதா என்பதில் ஆலிம்கள் கருத்து வேறுபட்டனர். ஹனபி ஆலிம்களில் பலர் அதனைத் தடுக்கின்றனர், ஆகுமென்போரும் உளர். சுட்டவர் யார் என்பதும் பார்க்கப்பட வேண்டும். உயிர் நன்கு இருக்கும்போதே ஒரு முஸ்லிம் பிஸ்மில்லாஹ் கூறி அறுத்து விட்டால் ஐயத்திற்கே இடமில்லை.

பண்ணை மானுக்கு வேட்டையின் சலுகை கிடையாது. அது கைக்கு அடங்கிய பிராணி; ஆடு மாடுகளைப் போல் முறைப்படி அறுக்கப்பட வேண்டும். பண்ணையிலும் சுட்டுக் கொல்வதுண்டு. ஆகவே 'பண்ணை மான்' என்ற பெயர் மட்டும் போதாது.

இனிச் சமையல். மான் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் மேல்நாட்டார் பன்றிக் கொழுப்பைச் சுற்றி வாட்டுவதும், சிவப்பு ஒயினில் ஊற வைப்பதும் வழக்கம். சில மான் சாசேஜ்களிலும் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கும். ஹலாலாக அறுத்த கறியும் இவ்வாறு கெட்டு விடுகிறது! நம் தாய்மார்களுக்கு இவையெல்லாம் எதற்கு? தயிரில் இஞ்சி, பூண்டு, மிளகு சேர்த்து ஓரிரவு ஊற வையுங்கள். தொடை, கழுத்துக் கறியை நெய்யோ ஆட்டுக் கொழுப்போ சேர்த்து, மூடிய சட்டியில் சிறு தீயில் 2, 3 மணி நேரம் வேக விடுங்கள். புளிப்புக்கு எலுமிச்சையோ புளியோ போதும்.

இந்தியாவில் வாழ்வோருக்கு ஒரு சொல். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். அதன் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். யாரேனும் இரவில் மறைத்துக் கொண்டு வந்து, "ஹலால் தானே!" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். இஹ்ராம் கட்டிய ஹாஜி, கைக்கெட்டும் தூரத்தில் மான் நின்றாலும் வேட்டையாடுவதில்லை. ஹலாலான மானாயிற்றே என்று அவர் வாதிடுவதும் இல்லை. கட்டுப்பாட்டுக்கு அடங்குவதற்கு அதுவே நமக்குப் பாடம். ஒரு வேளைக் கறிக்காக வீட்டுத் தலைவர் சிறை செல்வதும், பிள்ளைகள் தலைகுனிவதும் அறிவுடைமை ஆகுமா?

ஆட்டுக்கறி ஆணம் நமக்குக் குறைந்ததன்று. ஐயமற்ற உணவையே நம் பிள்ளைகளுக்கு ஊட்டும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.