ஆலோசனை ஓர் அமானிதம்

காய்ச்சல் என்று ஒருவர் வாய் திறந்தால் போதும். கூடியிருக்கும் பத்துப் பேரும் பத்து மருந்து சொல்வார்கள். அது தவறினால் ஒரு கஷாயத்தோடு போய்விடும். ஆனால் ஒரு குடும்பம் உடையும் நிலையில் வந்து நின்று, 'என்ன செய்யலாம்?' என்று கேட்கும்போது நாம் உதிர்க்கும் ஒரு சொல், சேர்ந்து வாழ வேண்டிய இருவரைப் பிரித்துவிடலாம். பிரிந்தே ஆக வேண்டிய ஒருத்தியை மீண்டும் கொடுமைக்குள் தள்ளிவிடவும் கூடும். அதனால்தான் நம் மார்க்கம் ஆலோசனையை வெறும் உபகாரமாகக் கருதாமல், அமானிதமாகவே கருதுகிறது. யாரிடம் ஆலோசனை கேட்கப்படுகிறதோ அவர் நம்பிக்கைக்குரிய பொறுப்பாளர் ஆகிவிடுகிறார் என்ற கருத்தில் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியிருப்பது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது.

இந்த அமானிதத்தைச் சுமப்பவர்கள் பலர். மஹல்லாவில் இமாமும் ஜமாஅத் பெரியவர்களும் சுமக்கிறார்கள். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்களில் குடும்பநல ஆலோசகர்கள் சுமக்கிறார்கள். அயல்நாட்டுத் தலைநகரங்களில் தூதரகக் கவுன்சலர்கள் சுமக்கிறார்கள். இடங்கள் வேறு, பொறுப்பு ஒன்றே. இதை நாம் கிதாபுகளில் ஓதியிருந்தோம். ஆனால் உணர்ந்தது நம்முடைய ஒரு பிழையினால்தான். அதை மறைக்காமல் இங்கே சொல்வதே முறை.

கொடுங்கையூரில் கற்ற பாடம்

மதரஸாவில் ஓதி முடித்து, வட சென்னையின் கொடுங்கையூரில் நாம் இமாமத் பணியேற்ற புதிது. துறைமுகத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் வேலைக்குப் போவோரும், அரபு நாடுகளிலிருந்து சம்பாதித்து அனுப்புவோரும் வாழும் பகுதி அது. கணவர் ரியாதில் இருப்பார். மனைவி மக்கள் கண்ணதாசன் நகரிலோ முத்தமிழ் நகரிலோ வாடகை வீட்டில் இருப்பார்கள்.

ஒரு நாள் இஷாவுக்குப் பின் ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார். சவூதியில் இருக்கும் மருமகனிடமிருந்து ஏழு மாதமாகப் பணம் வரவில்லையாம். போனில் பேசினாலும் இரண்டொரு வார்த்தையோடு வைத்துவிடுகிறாராம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பாக்கி. "அங்கே வேற குடும்பம் வச்சுக்கிட்டான் போலிருக்கு. எம் புள்ள எத்தனை நாள் காத்துக் கிடக்கும்? நீங்களே ஒரு வழி சொல்லுங்க ஹஜ்ரத்!" என்று கண் கலங்கினார்.

அவருடைய கண்ணீரை நாம் கண்டோம். வேறெதையும் காணவில்லை. மகளிடம் விசாரிக்கவில்லை. மருமகனுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. "செலவுக்குக் கொடுக்காதவரிடமிருந்து பிரிய மார்க்கத்தில் வழி உண்டு, குலாக் கேளுங்கள்" என்று பள்ளிவாசல் வாசலிலேயே சொல்லிவிட்டோம். பக்கத்தில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் செய்தி தெரு முழுவதும் பரவிவிட்டது.

அது கடல் தாண்டி, ரியாதில் வேலை பார்க்கும் நம் மஹல்லாச் சகோதரர் ஒருவரின் காதுக்கும் எட்டியது. அவர் அந்த மருமகனைத் தேடிப் போனார். உண்மை அங்கேதான் இருந்தது. ஏழு மாதமாகக் கம்பெனி சம்பளமே கொடுக்கவில்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. பதினைந்து பேரோடு ஒரே அறையில் கிடந்த அவர், வெட்கத்தால் வீட்டுக்கு எதையும் சொல்லவில்லை.

அச்சகோதரர் அவரை நம் நாட்டுத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த அதிகாரி அவர் சொன்னதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பின்னர் கம்பெனிக்காரர்களை அழைத்து அவர்கள் சொல்வதையும் கேட்டார். அதற்குப் பிறகே தம் கருத்தைச் சொன்னார். சில வாரங்களில் பாஸ்போர்ட் கிடைத்தது. நிலுவைச் சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைத்தது. அவர் ஊர் திரும்பினார்.

நாம் அவருடைய வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "ஒரு போன் பண்ணியிருந்தா, உங்ககிட்டயாவது சொல்லியிருப்பேன் ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். கிதாபு ஓதாத அந்த அதிகாரி மார்க்கம் காட்டிய முறைப்படி நடந்தார். ஓதிய நாம் அப்படி நடக்கவில்லை என்ற எண்ணம் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

நஜ்ஜாஷியின் அவையில்

அந்த முறை எதுவென்பதை இஸ்லாமிய வரலாற்றின் முதல் தூதுக் களமே காட்டுகிறது. நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், ஏறக்குறைய கி.பி. 615-ல், மக்காவின் கொடுமை தாளாமல் ஸஹாபாக்கள் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்யத் தொடங்கினர். அவர்களைத் திருப்பிக் கொண்டுவரக் குறைஷிகள் அம்ரு இப்னுல் ஆஸையும் அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆவையும் தூது அனுப்பினார்கள்.

தூதர்கள் நேராக மன்னரிடம் போகவில்லை. மக்காவின் தோல் பொருட்களைக் காணிக்கையாகக் கொடுத்து, முதலில் அவையிலிருந்த மதத் தலைவர்களைச் சரிக்கட்டினார்கள். முஸ்லிம்களைப் பேசவிடாமலேயே ஒப்படைத்துவிடும்படி மன்னருக்கு ஆலோசனை சொல்லக் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆலோசகர்களும் அப்படியே சொன்னார்கள். ஆனால் நஜ்ஜாஷி மன்னர் அதற்கு இணங்கவில்லை. தம்மிடம் அடைக்கலம் தேடியவர்களை அழைத்து விசாரிக்காமல் ஒப்படைக்க முடியாது என்று மறுத்துவிட்டார். அதன் பிறகே ஜஅஃபர் இப்னு அபீ தாலிப் (ரலி) எழுந்து பேசினார்கள். மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார்கள்.

மறுநாள் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய கேள்வி எழும் என்று தெரிந்தபோது முஸ்லிம்கள் தமக்குள் மஷ்வரா செய்தார்கள். மன்னருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அல்லாஹ்வும் ரஸூலும் சொன்னதையே சொல்வதென்று முடிவு செய்து, அவ்வாறே சொன்னார்கள். குறைஷிகளின் காணிக்கை திருப்பிக் கொடுக்கப்பட்டது.

நேயர்களே! இங்கே இரண்டு வகை ஆலோசகர்களைக் காண்கிறோம். காணிக்கை பெற்று ஒரு தரப்பை மட்டும் கேட்டவர்கள் ஒரு வகை. ஆபத்திலும் உண்மையை மாற்றாதவர்கள் மற்றொரு வகை. கொடுங்கையூரில் நாம் காணிக்கை எதுவும் பெறவில்லை. ஆயினும் ஒரு தரப்பை மட்டும் கேட்டதில் அந்த முதல் வகையாரோடுதான் நின்றோம்.

ஹுதைபிய்யாவில் இரண்டு ஆலோசனைகள்

அபிசீனிய நிகழ்ச்சியை நேரில் கண்டு நமக்கு அறிவித்தவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 6-ல், கி.பி. 628-ல், ஹுதைபிய்யாவில் அதே அம்மையார் ஆலோசகராக நிற்பதைப் பார்க்கிறோம்.

உடன்படிக்கைக்கு முன் மக்காவுக்குத் தூது அனுப்பும் தேவை எழுந்தது. நபி (ஸல்) அவர்கள் உமர் (ரலி) அவர்களை அனுப்ப நினைத்தார்கள். உமர் (ரலி) அவர்களோ, மக்காவில் தமக்குப் பாதுகாப்பளிக்கும் குடும்பத்தார் இல்லை என்பதையும், உஸ்மான் (ரலி) அவர்களுக்கு அங்கே செல்வாக்கு உண்டு என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். உஸ்மான் (ரலி) அவர்களே அனுப்பப்பட்டார்கள். தம்மைவிடத் தகுதியானவரைச் சுட்டிக் காட்டுவதும் ஆலோசனையின் ஒரு பகுதியே. மனநோய்க்கு மருத்துவரிடமும், சட்டச் சிக்கலுக்கு வக்கீலிடமும் அனுப்பிவைக்கும் இமாம் தம் கௌரவத்தை இழப்பதில்லை.

உடன்படிக்கை எழுதி முடிந்ததும், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை கூறியும், மனவேதனையில் இருந்த ஸஹாபாக்கள் எழவில்லை. அப்போது உம்மு ஸலமா (ரலி), யாரிடமும் பேசாமல் வெளியே சென்று, தாங்களே முதலில் அதைச் செய்யுமாறு கருத்துச் சொன்னார்கள். நபியவர்கள் அப்படிச் செய்ததும் அனைவரும் எழுந்தார்கள். வஹீ இறங்கும் நபிக்கே ஒரு பெண்ணின் ஆலோசனை பயன்பட்டிருக்க, நம் பஞ்சாயத்துகளில் பெண்ணைப் பற்றிப் பேசும்போதுகூடப் பெண்ணிடம் கேட்பதில்லையே! அன்று அந்தப் பெரியவரின் மகளிடம் நாமும்தான் கேட்கவில்லை.

இரு தரப்பிலிருந்தும் இருவர்

கணவன் மனைவி பிணக்கு முற்றிவிடும் என்று அஞ்சினால் கணவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக ஏற்படுத்துமாறு குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தின் 35-ஆம் வசனத்தில் பணிக்கிறது. ஒரு தரப்பைக் கேட்டு முடிவு சொல்லும் வழியையே இவ்வாறு இறைவன் அடைத்துவிட்டான். அந்த நடுவர்களின் நோக்கம் இணக்கமாக இருக்க வேண்டும் என்பதையும் அதே வசனம் உணர்த்துகிறது.

நடுவரின் அதிகாரம் எதுவரை என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நடுவர்கள் தீர்ப்பளிக்கும் அதிகாரம் உடையவர்கள். ஹனஃபி மத்ஹபிலும், ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லிலும் அவர்கள் தம்பதியரின் வக்கீல்கள் மட்டுமே. அனுமதி தரப்படாமல் பிரித்துவைக்க முடியாது. தமிழகத்தில் நாம் பெரும்பாலும் பின்பற்றுவது இவ்விரு மத்ஹபுகளையே.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் நடைமுறைக்கு வந்த 1880-ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டம், காஜிக்கு நீதிமன்ற அதிகாரம் எதையும் வழங்கவில்லை. ஃபத்வாவுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. தனியார் ஷரீஅத் அமைப்பு ஒன்று அளித்த குலாச் சான்றிதழை 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குலாவை உறுதிப்படுத்தக் குடும்ப நீதிமன்றமே செல்லுமிடம் என்றும் சொன்னது. ஆலோசகர் நீதிபதி அல்லர். இதை மறந்தால் நம்மிடம் வரும் பெண்தான் கையில் செல்லாத தாளோடு அலைவாள்.

இதைச் சொல்வதால் பெண்ணின் உரிமையைக் குறைப்பதாக எண்ண வேண்டாம். இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராத கணவரிடமிருந்தும், நான்கு ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாத கணவரிடமிருந்தும் விடுதலை கோர 1939-ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம் பெண்ணுக்கு வழி தந்திருக்கிறது. அடியும் உதையும் நடக்கும் வீட்டில் ஸப்ரு செய் என்று சொல்லி அனுப்புவது ஆலோசனையே அன்று. அங்கே முதற்கடமை அவளுடைய பாதுகாப்பு.

தூதரகக் கவுன்சலர்

தூதரகத்தில் கவுன்சலர் என்பவர் முதற்செயலருக்கு மேல்நிலையில் உள்ளவர். அரசியல், வணிகம், பண்பாடு, தொழிலாளர் நலம் என்று அவருடைய பொறுப்புகள் விரிந்தவை. அயல்நாட்டில் கைதாகும் ஒருவர் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்டால் தெரிவிக்க வேண்டும் என்றும், தூதரக அதிகாரிகள் அவரைச் சென்று காணலாம் என்றும் 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை விதிக்கிறது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது சுமார் 1,70,000 இந்தியர்கள், பெரும்பாலும் அம்மான் நகர் வழியாக, விமானங்களில் தாயகம் சேர்க்கப்பட்டார்கள். அதன் பின்னணியில் அந்த அரசுகளோடு பொறுமையாகப் பேசிய அதிகாரிகளின் உழைப்பு இருந்தது.

இத்தகைய பணி நம் தமிழ் மண்ணுக்கும் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய மன்னருக்குத் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்பவர் அமைச்சராகவும் ஆலோசகராகவும் இருந்தார் என்பதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். காயல் துறைமுகமும் அவருடைய பொறுப்பில் இருந்தது.

வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீட்டார் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்திருங்கள். சிக்கல் வந்தால் ஏஜெண்டின் ஆறுதல் வார்த்தையை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள். 2015-ல் தொடங்கப்பட்ட 'மதத்' இணையதளம் வழியாகத் தூதரகத்துக்கு முறையீடு செய்யலாம். துன்பத்திலிருக்கும் இந்தியருக்கு உதவ 2009-ல் ஏற்பட்ட சமுதாய நல நிதியும் உண்டு.

கைக்கொள்ள வேண்டியவை

ஒன்று: இரு தரப்பையும் கேட்காமல் கருத்துச் சொல்லக்கூடாது. ஒருவர் கடல் கடந்து இருந்தால் காத்திருந்தாவது கேட்க வேண்டும்.

இரண்டு: கேட்டதைக் காக்க வேண்டும். ஒருவர் பேசிவிட்டு, யாரேனும் கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தாலே அது அமானிதம் ஆகிவிடும் என்பது நபிமொழியின் கருத்து. பள்ளிவாசல் வாசலும் டீக்கடையும் குடும்ப விவகாரம் பேசும் இடங்கள் அல்ல.

மூன்று: உண்மையை மறைக்கக்கூடாது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றிக் கேட்டபோது, ஒருவர் வசதியற்றவர், மற்றவர் கடுமையானவர் என்று நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஸம்பந்தம் விசாரிக்க வருபவரிடம் குறையை மூடி மறைப்பது இரக்கமாகாது. கேட்காதவர்களிடம் அதே குறையைப் பரப்புவதோ புறம் ஆகும்.

நான்கு: நம் எல்லையை அறிய வேண்டும். தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும்.

அந்தக் கணவனும் மனைவியும் இன்று ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். தெருவில் அவரைக் காணும்போதெல்லாம் ஸலாம் சொல்ல நாம் முந்திக்கொள்கிறோம். அவரும் முகமலர்ச்சியோடு பதில் சொல்கிறார். ஆனால் அன்று நான்கு பேர் காதில் விழுந்த நம் சொல்லை எல்லோரிடமிருந்தும் திரும்பப் பெற நம்மால் முடியவில்லை.

நம்மை நம்பி வருபவர்களின் அமானிதத்தைப் பாழாக்காத நாவையும், இரு பக்கமும் கேட்கும் செவியையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.