கர்ப்பப்பையில் கட்டியா? கலங்க வேண்டாம், கவனியாமல் இருக்கவும் வேண்டாம்



"கர்ப்பப்பையில கட்டி இருக்குன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. புத்துநோயா இருக்குமோ?" என்று பல குடும்பங்கள் தூக்கமிழந்து தவிக்கின்றன. பயத்தில் சிலர் உடனே கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். வேறு சிலர் கூச்சப்பட்டு மறைத்து, பெரும்பாட்டினால் ரத்தசோகைக்கு ஆளாகிறார்கள். இரண்டும் தவறு.

நார்க்கட்டி என்பது என்ன?

கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அதிலுள்ள ஒரு செல் அளவு மீறிப் பெருகினால் நார்க்கட்டி உண்டாகிறது. பெண்ணின் ஹார்மோன்கள் அதை வளர்க்கின்றன. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். அதே தசையில் மிக அபூர்வமாகப் புற்றுக்கட்டியும் தோன்றுவதுண்டு.

இரண்டும் ஒன்றா?

ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. இருக்கிறது. உடல் எப்படி வளர வேண்டும் என்று எழுதி வைத்த ஏடு போன்றது அது. 2011-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி ஆராய்ச்சியாளர்கள் 80 பெண்களின் 225 நார்க்கட்டிகளைச் சோதித்தார்கள். 159 கட்டிகளில் மெட்-12 என்ற ஒரே மரபணுவில் பிழை இருந்தது. ஏட்டில் ஓரிடத்தில் எழுத்துப்பிழை விழுந்த மாதிரி. புற்றுக்கட்டியிலோ பல ஏடுகள் கிழிந்து தாறுமாறாக ஒட்டிக் கிடக்கின்றன. கெட்ட செல்லைத் தடுக்கும் டி.பி.-53 என்ற காவல் மரபணுவும் பல சமயம் பழுதாகியிருக்கிறது. ஆகவே, "நார்க்கட்டியை விட்டா புத்தாயிடும்" என்று அஞ்ச வேண்டாம். புற்று பெரும்பாலும் தனியாகவே தோன்றுகிறது.

என்ன செய்ய வேண்டும்?

* தொல்லை தராத சிறு கட்டிக்கு ஆபரேஷன் தேவையில்லை. டாக்டர் சொல்லும் நாளில் போய்க் காட்டினால் போதும்.
* இன்னும் குழந்தை வேண்டுமென்றால், கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.
* மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலோ, கட்டி வளர்ந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.
* எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, முடிவைக் கேட்டு வாங்குங்கள். நார்க்கட்டி என்று ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் சுமார் 350 பேருக்கு ஒருவரிடம் புற்று மறைந்திருந்ததாக 2014-ல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் கணக்கிட்டது. ஸ்கேன் மட்டும் பார்த்து இதை உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

கணவர்மார்களே! "இது பொம்பளைங்க சமாசாரம்" என்று ஒதுங்காதீர்கள். மனைவியுடன் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்.

கட்டி என்றதும் கலங்காதீர்! காலம் கடத்தி வருந்தாதீர்!