வாசிகசாலைச் சபையாரும் நிதி தேடும் முறையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வாசிகசாலையோ சனசமூக நிலையமோ இல்லாத கிராமம் அரிது. ஆயினும், வருடாந்தப் பொதுக் கூட்டத்திலே அக்கிராசனர், உபதலைவர், தனாதிகாரி முதலிய பதவிகளை மனமுவந்து ஏற்கும் பெரியோரிற் பலர், கூரை திருத்தவோ பத்திரிகைக் கடன் தீர்க்கவோ பணம் வேண்டும் என்ற பேச்செழுந்த மாத்திரத்தில் காரியதரிசியின் முகத்தை நோக்குவதும், அவர் தனியே அலைந்து களைத்து மறுவருடம் விலகிக்கொள்வதும் வழமையாகிவிட்டன. இதற்குக் காரணம் உலோபமன்று; பிறரிடம் பணம் கேட்பதில் நம்மவர்க்குள்ள சங்கோசமும், இன்னார்க்கு இன்ன வேலை என்று எவரும் வரையறுத்துச் சொல்லாமையுமே.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஆரம்ப சரித்திரம் இங்கே நினைக்கத் தக்கது. 1933இல் தம் இல்லத்திலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய க. மு. செல்லப்பா, பொது நூல்நிலையம் ஒன்று வேண்டுமென்று அவ்வருட முடிவில் விஞ்ஞாபனம் விடுத்தார். 1934 ஜூன் 9இல் மத்திய கல்லூரியிற் கூடிய கூட்டம் நீதிபதி சி. குமாரசுவாமியைத் தலைவராகவும் செல்லப்பாவைச் செயலாளராகவும் தெரிந்தெடுத்தது. ஆகஸ்டு முதலாந் திகதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலே 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது. நீதிபதியின் பெயர் ஊராரிடம் நம்பிக்கையை ஈட்டிக்கொடுத்திருக்கும். செயலாளரோ, பிறரிடம் கேட்குமுன் தம் வீட்டுப் புத்தகங்களைப் பிறர்க்குத் திறந்துவிட்டவர். ஒரு சபைக்கு இவ்விருவகை மனிதரும் வேண்டும்.

ஆகையால் முதற் காரியம், வெளியார் ஒருவரையும் அணுகுமுன், சபையார் ஒவ்வொருவரும் தத்தம் சக்திக்கேற்ப ஒரு தொகை கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுவது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐந்நூறு ரூபாவும் கடை முதலாளி ஐம்பதினாயிரமும் கொடுக்கலாம். தொகையைக் கூட்டத்திலே வாசிக்க வேண்டுவதில்லை. சபையில் ஒருவரும் விடுபடாமல் கொடுத்தார்கள் என்று சொல்லக்கூடியதாயிருப்பதே பிரதானம். கொடாதவர் வாய் கேட்குமிடத்துத் தடுமாறும்.

அடுத்து, தேவையைப் பங்கு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோயில் மகோற்சவத்தை நாளுக்கொரு குடும்பமாக உபயமேற்று நடத்தும் முறை நமக்குப் புதிதன்று. அதுபோலவே, ஆண்டின் பத்திரிகைச் செலவைப் பன்னிரண்டு மாத உபயமாகவும், கூரைவேலையை ஓட்டுக்கும் மரத்துக்கும் கூலிக்குமாக வேறு வேறு உபயமாகவும் வகுத்துவிட்டால், 'வாசிகசாலைக்கு ஏதாவது தாருங்கள்' என்ற மழுங்கலான யாசகம் ஒழிந்து, 'ஆவணி மாதத்துப் பத்திரிகை உங்களுடையது' என்ற தெளிவான வேண்டுகோள் பிறக்கும்.

அதன்பின் ஒரு மாலைப்பொழுது சபை கூடி, ஒவ்வொருவரும் தாம் நன்கறிந்த ஐந்து பேரின் பெயரைத் தாளில் எழுதுக. பெரும் பணக்காரரையே எல்லாரும் எழுதிவைப்பது நம் சபைகளின் தீராத வியாதி. வாசிகசாலையிற் படித்துப் பரீட்சை சித்தியடைந்து உத்தியோகம் பெற்றவரும், நாள்தோறும் பத்திரிகை பார்க்க வரும் முதியவரும் அப்பணக்காரரினும் விரைந்து கொடுப்பர். ஒரே பெயர் இருவர் தாளில் வந்தால், அவரோடு அதிகம் பழகியவரிடம் விட்டுவிடுக.

போகும்போது இருவராகப் போவது நன்று: ஒருவர் அவ்வீட்டாருக்கு வேண்டியவர், மற்றவர் கணக்கு விபரம் அறிந்தவர். வெங்காயமோ புகையிலையோ விலைப்பட்ட பின்னர்த் தோட்டக்காரரிடமும், நல்லூர்த் திருவிழாக் காலத்திலே வெளிநாட்டிலிருந்து வந்து நிற்போரிடமும், சம்பளத்தை அடுத்த நாட்களில் உத்தியோகத்தரிடமும் போகலாம். செத்தவீட்டுத் துடக்கு நீங்காத படலையைத் தட்டலாகாது. வார்த்தையும் எளியதாயிருக்கட்டும்: “அண்ணை, நாங்கள் சபையில எல்லாரும் எங்கட பங்கைக் குடுத்திட்டம். ஆவணி மாசத்துப் பேப்பர்க் காசை நீங்கள் ஏற்கவேணும்.” இதைச் சொன்னபின் பேசாதிருத்தல் மிகக் கடினம், ஆனாலும் மௌனமாயிருங்கள். வீட்டுக்காரர் யோசிக்கும் அந்தச் சிறுபொழுதைத் தாங்கமாட்டாமல், “இல்லாட்டிப் பிறகு பாப்பம்” என்று தாமே வாயிலை அடைத்துவிடும் அன்பர்களால் இழந்த உபயம் கொஞ்சமன்று.

எவ்வளவு சொன்னாலும் சிலரால் கேட்க இயலாது. அவர்களை வற்புறுத்துவது வீண். கையெழுத்து அழகுள்ளவர் நன்றிக் கடிதத்தை ஒரு கிழமைக்குள் எழுதுக. கணக்கில் நிபுணர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்புநோக்குக. லண்டனிலும் ரொறன்ரோவிலும் உறவினர் உள்ளவர், திருத்திய கூரையின் படத்தை அவர்களுக்கு அனுப்புக. இவை யாவும் நிதி தேடும் பணியே. வரவுசெலவை மாதந்தோறும் வாசிகசாலைச் சுவரில் ஒட்டிவிட்டால், மறுவருடம் கேட்கப்போகிறவரின் சுமை பாதி குறையும்.

மாதாந்தக் கூட்டத்தில் முதல் விடயமாக, யார் யாரைக் கண்டார் என்பதை மட்டும் கேளுங்கள். எவ்வளவு வந்தது என்பது பின்னர் ஆகட்டும். வெறுங்கையோடு வந்தவரைப் பழிக்காது, யாருடன் மறுபடி போகலாமென்று ஆலோசிக்க. கொடுப்பதுமின்றி, படியேறுவதுமின்றி, கடிதம் எழுதுவதுமின்றி ஆண்டு முழுவதையும் கழிக்கும் கனவான் ஒருவர் எந்தச் சபையிலும் இருப்பார், அவரைப் பகைப்பானேன்? அடுத்த பொதுக் கூட்டத்தில் மாலையணிவித்துப் போஷகராக்கி, அவருடைய ஆசனத்தை நடக்கக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.