உலர்ந்த மிளகும் உயிர்பிடித்த கிருமியும்

ஈரமில்லாத பண்டத்தில் கிருமி இராது என்பது பாட்டிமார் காலந்தொட்டு நம் அடுக்களைகளில் வேரூன்றிய நம்பிக்கை. அதில் பாதி மெய். உலர்ந்த மிளகிலும் மிளகாய்த் தூளிலும் பாக்டீரியா பெருகுவதில்லை. ஆனால் பெருகாதிருப்பது வேறு, மடிவது வேறு. சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா அந்த வறட்சியிலேயே மாதக்கணக்கில், சில வேளை வருஷக்கணக்கிலும், உயிரை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். 1993-இல் ஜெர்மனியில் பாப்ரிகா மிளகாய்த் தூள் தூவிய உருளைக்கிழங்கு வறுவலைத் தின்று ஏறத்தாழ 1000 பேர், பெரும்பாலும் குழந்தைகள், நோயுற்றதாக மதிப்பிட்டார்கள்; ஒருவரை நோயில் வீழ்த்த 4 முதல் 45 வரையான கிருமிகளே போதுமாயிருந்தன என்ற கணக்கைப் படித்தபோது என் மனம் நடுங்கியது.

கிருமிநீக்கத்துக்காக மிளகுக்கு எத்திலீன் ஆக்சைடு வாயுவை ஊட்டிவிட்டால் யாவும் மாண்டுபோகும் என்பது அடுத்த நம்பிக்கை. அந்த வாயு கிருமியின் புரதத்தையும் மரபுப்பொருளையும் தாக்கிச் சிதைப்பது உண்மையே. எனினும் அது செவ்வனே வேலை செய்ய ஓரளவு ஈரம் வேண்டும். வற்றிச் சுருங்கி மிளகின் தோல்மடிப்புக்குள் ஒடுங்கிக் கிடக்கும் கிருமிகளுள் சில, மடியாமல் காயம் மட்டும் பட்டுத் தப்புவது சாத்தியம்.

விபரீதமே இந்தக் காயம்பட்டவற்றால்தான் விளைகிறது. பரிசோதனைத் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லையென்றால் பண்டம் பரிசுத்தம் என்று வியாபாரியும் வாங்குபவரும் ஒருங்கே நிம்மதியடைகிறார்கள். ஆனால் சால்மொனெல்லாவைப் பிற கிருமிகளினின்று பிரித்துக் காட்டும் செந்நிற எக்ஸ்.எல்.டி. என்ற வளர்ப்பு ஊடகத்தில் பித்த உப்பு வகை ஒன்று கலந்திருக்கிறது. நலமுள்ள சால்மொனெல்லா தன் புறச்சவ்வின் பலத்தால் அதைத் தாங்கி, நடுவே கறுத்த புள்ளியாய் வளர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். சவ்வு பழுதுற்றதோ அந்த உப்பாலேயே அடங்கிவிடும். அடங்கியது தட்டில்தான், மிளகில் இருந்த அதன் கூட்டாளிகள் பின்னொரு நாள் ஈரமான உணவில் விழுந்து ஆறுதல் பெற்று எழக்கூடும். ஆகவேதான் விஷயமறிந்த பரிசோதகர், காய்ச்சலிலிருந்து எழுந்தவனுக்கு முதலில் கஞ்சி வார்ப்பதுபோல, 25 கிராம் மிளகை 225 மில்லிலிட்டர் பெப்டோன் நீரில் இட்டு, 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய 18 மணி நேரம் வைத்திருந்து, காயம் ஆற அவகாசம் தந்த பிறகே கடுமையான ஊடகங்களுக்கு அதை மாற்றுகிறார். வாயுவூட்டிய பண்டத்தின் பரிசோதனைச் சீட்டில் இந்த 18 மணி நேர அவகாசம் இருந்ததா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

பி.சி.ஆர். சோதனை இந்தச் சங்கடத்தைத் தீர்த்துவிடும் என்போரும் உண்டு. அது மரபுப்பொருளைத் தேடுவது. செத்த கிருமியின் மரபுப்பொருளும் உயிருள்ளதன் மரபுப்பொருளும் அதற்கு ஒன்றே.

பண்டத்தின் சுபாவமும் பரிசோதகரை ஏமாற்ற வல்லது. பட்டையிலும் கிராம்பிலும் இயல்பாகவே உள்ள காரச்சத்து பெப்டோன் நீரிலும் இறங்கி, காயம்பட்ட கிருமியை எழவொட்டாமல் அமுக்கிவிடும். அதனால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பரிசோதனைக் கையேடு பட்டைக்கு நூறு மடங்கும் கிராம்புக்கு ஆயிரம் மடங்கும் ஊட்டத் திரவம் சேர்க்கச் சொல்கிறது: 25 கிராம் கிராம்பைச் சோதிக்க 25 லிட்டர், ஏறக்குறைய இரண்டு வாளி.