வீட்டு நாய் செத்தால் அழலாமா?



வளர்த்த நாய் செத்துப்போனால் பிள்ளைகள் சோறுண்ணாமல் அழுவார்கள். "நாய்க்காகவா அழுகிறாய்?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். இளைய தோபியாஸ் இரபாயேல் சம்மனசோடு பயணம் போனபோது நாயும் கூடப் போயிற்று. திரும்புகையிலும் பின்னால் வந்தது என்று வேதாகமம் சொல்லுகிறது.

மிருகங்களை நேசிக்கலாம், மனுஷருக்கே உரிய அன்பை அவைகளுக்குக் கொடுக்கலாகாது என்று 1992-ம் ஆண்டில் வெளியான திருச்சபையின் ஞானோபதேசம் படிப்பிக்கிறது. ஆகையால் நாய்க்காக மரித்தோர் பூசை கேட்பதில்லை. அதைத் தந்த சர்வேசுரனுக்கு நன்றி சொல்லுவதே முறை.

பிள்ளைகளிடம் "எங்கோ ஓடிப்போயிற்று" என்று பொய் சொல்லாதீர்கள். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் எறிந்துவிடாமல், ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். அவர்களும் அருகே நிற்கட்டும். நாயின் பிரிவுக்கு இளகின நெஞ்சு, அயலார் வீட்டுச் சாவுக்கும் இளகக்கடவது.